மாப்பிள்ளைக்கு ஊற்றிய சர்பத்

நான் வேலை நேரத்தில் கனவு காண்கிறவன். எங்கள் ஊர் சாய்ந்தமருதில் யாரைக் கேட்டாலும் காலிதீன் என்கிற என்னைப் பற்றி முதலில் இதைத்தான் சொல்வார்கள். கண்ணைத் திறந்துகொண்டே காண்பேன். கொங்கிறீட் பம்பு ஒரே சீராக அடிக்கத் தொடங்கினால் போதும், ஆறும் கொக்குகளும் வயல்வெளியும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, நான் வேறெங்கோ நடந்துகொண்டிருப்பேன். ஆனால் அந்தச் சத்தத்தில் ஒரு மயிரிழை மாறினாலும் அடுத்த நொடி கையில் ஸ்பானர் இருக்கும். என்னைச் சோம்பேறி என்பவர்களுக்குப் பம்பையும் தெரியாது, என்னையும் தெரியாது. அவர்களோடு எனக்குப் பேச்சும் இல்லை.

அந்தப் பம்பு ஐம்பத்தைந்தாம் ஆண்டு தை மாதக் கடைசியில் எங்களிடம் வந்தது. மேற்கே மலையடிவாரத்தில் அணை கட்டிய இடத்தில் வேலை முடிந்து, லொறியில் ஏற்றி, காரைதீவுக்கு மேற்கே வயலுக்குள் ஓடும் ஆற்றங்கரையில் கொண்டுவந்து இறக்கினார்கள். அங்கே ஒரு பாலம் கட்ட வேண்டியிருந்தது. தாச்சியில் அள்ளித் தலையில் சுமந்து கொட்டுகிற கொங்கிறீட்டை இந்த யந்திரம் தானே விழுங்கி, குழாய் வழியாகத் தள்ளிக்கொண்டுபோய் ஆற்றின் நடுவிலே கொட்டும். மேலே தொட்டி போல அகன்ற வாய். அதன் கீழே சிலிண்டர். உள்ளே ரப்பர் தொப்பி போட்ட பிஸ்டன். முன்னுக்கு ஒரு வால்வு, பின்னுக்கு ஒரு வால்வு. ஒன்று திறக்கும்போது மற்றது மூடும். விழுங்கும், தள்ளும், விழுங்கும், தள்ளும். ஒரு கிழமை அதன் பக்கத்தில் நின்றால் உங்களுடைய மூச்சும் அந்தக் கணக்குக்கு வந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண், பெண்ணின் வீட்டுக்குத்தான் குடிவருவான். நானும் அப்படித்தான் றாஹிலாவின் வீட்டில் இருக்கிறேன். வேறூரிலிருந்து வந்து, நம்மோடு தங்கி, நிறையச் சாப்பிட்டு, அடிக்கடி கோபித்துக்கொள்கிற ஒன்றை என்னவென்று கூப்பிடுவது? இரண்டாம் நாளே பம்புக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் விழுந்துவிட்டது. ஒவ்வொரு பின்னேரமும் அதைக் கழுவியாக வேண்டும். குழாய்க்குள் தும்பும் சாக்கும் உருட்டி அடைத்து, பின்னாலிருந்து தண்ணீர் தள்ளி, ஒரு பருக்கை கொங்கிறீட் இல்லாமல் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்.

"எங்களுக்கு ரெண்டு மாப்புள. அதுல ஒண்டுதான் நாளாந்தம் குளிக்கிது" என்பாள் றாஹிலா.

மாப்பிள்ளை முதன்முதலாகப் பெண்வீட்டு வாசலில் கால் வைத்தால் வாயை இனிப்பாக்கித்தான் உள்ளே கூப்பிடுவோம். புதுத் தோணி கடலில் இறங்கினாலும் பாத்திஹா ஓதி, சர்பத் கரைத்து, தோணியின் முன்முனையான அணியத்தில் ஒரு கோப்பை ஊற்றிவிட்டுத்தான் மற்றவர்கள் குடிப்பார்கள். அப்படியிருக்க இவ்வளவு பெரிய மாப்பிள்ளையை வெறும் வாயோடு வேலைக்கு விடலாமா? முதல் கொங்கிறீட் போடுகிற அன்று காலையில் றாஹிலா ஐந்து இறாத்தல் சீனியைக் கரைத்து, கசகசாவும் போட்டு, ஒரு குடம் நிறையச் சர்பத் கொடுத்தனுப்பினாள். ஓதி முடிந்ததும் எல்லாரும் ஆளுக்கொரு கோப்பை குடித்தோம். மீதி முக்கால் குடம் இருந்தது.

பம்பை ஓட்டத் தொடங்குமுன் வெறும் சிமெந்துக் கரைசலைக் குழாய்க்குள் விட வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்த குழாய் கொங்கிறீட்டின் ஈரத்தை உறிஞ்சி அடைத்துக்கொள்ளும். அந்தக் கரைசலுக்கு ஊற்றவிருந்த தண்ணீரோடு, பிஸ்மில்லாஹ் சொல்லி, சர்பத்தையும் நான் ஊற்றினேன். சுற்றி நின்ற எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். மாப்பிள்ளைக்கு இனிப்புக் கொடுத்ததை எவன் போய் எஞ்சினியரிடம் சொல்வான்? அது ஒரு செய்தியே இல்லை.

அன்று சர்பத் குடித்தவர்களில் சிமெந்துக் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்த நல்லரெத்தினம் அண்ணனும் ஒருவர். பாண்டிருப்பு ஆள். மெலிந்த உடம்பு, எப்போதும் காதில் ஒரு பென்சில். களஞ்சியத்தைச் சாமியறை போல வைத்திருப்பார். பைகள் நிலத்தில் படாமல் பலகை அடுக்கி, வந்த திகதியைத் துண்டில் எழுதி ஒட்டி, மேலே மழை படாத படங்குச் சீலை போர்த்து நாலு மூலையும் கட்டியிருப்பார். ஒரு பை வெளியே போனால், மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற தகப்பன் மாதிரி வாசல்வரை வந்து பார்த்துக்கொண்டு நிற்பார்.

அந்த முதல் கரைசலும் அதன் பின்னால் போன கொங்கிறீட்டும் விழுந்தது கரையோரத்திலிருந்த சின்ன அத்திவாரக் குழியில். மறுநாள் அது இறுகவில்லை. அதற்கு மறுநாளும் இறுகவில்லை. நாலாம் நாள் எஞ்சினியர் ஐயா வந்து விரலால் அமத்தினார். விரல் உள்ளே போனது. யாழ்ப்பாணத்து மனுசன், நல்ல படிப்பு, அதைவிட நல்ல கோபம். நான் பக்கத்தில் நின்று வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சாம்பல் நிறச் சேற்றின் மேல் எறும்புகள் ஒரே வரிசையாகப் போய்வந்துகொண்டிருந்தன. என்ன அழகாகப் போகின்றன, எந்த ஊருக்குப் போகின்றன என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். எனக்கு வாய்த்த மூளை அது.

சிமெந்து லொறி மழைக்குள் வந்தது எல்லாருக்கும் தெரியும். பை நனைந்திருக்கிறது என்று எஞ்சினியர் முடிவு கட்டிவிட்டார். நல்லரெத்தினம் அண்ணன், "ஐயா, நான் படங்கு மூடித்தான் வெச்ச" என்று மூன்று முறை சொன்னார். மூன்றாம் முறை குரல் கீழே இறங்கிவிட்டது. களஞ்சியத்தில் மிச்சமிருந்த பைகளையெல்லாம் கரையில் கொட்டச் சொன்னார்கள். அவரை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

உண்மை எனக்குத் தெரிந்தது அதற்கு ஒரு கிழமை கழித்து, எங்கள் வீட்டுக் கிணற்றடியில். அண்ணன் வேலையில் இருந்தபோது, மழைக்குள் வந்த அதே லொறியின் ஒரு கிழிந்த பையிலிருந்து சிந்திய சிமெந்தை அள்ளி ஒரு தகரத்தில் எனக்குத் தந்திருந்தார். கிணற்றடி வெடிப்பை அடைக்கலாம் என்று அதைக் குழைத்தேன். பாதிக்குக் கிணற்றுத் தண்ணீர் விட்டேன். மற்றப் பாதிக்கு, எட்டிய தூரத்தில் இருந்த குடத்தைச் சரித்து ஊற்றினேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்குச் சர்பத் கரைத்துவிட்டு, அடியில் கிடந்ததோடு தண்ணீர் விட்டு வைத்திருந்த குடம் அது.

காலையில் றாஹிலா கூப்பிட்டாள். "இஞ்செருங்க, இத வந்து பாருங்க. இந்தப் பக்கம் கல்லு மாதிரி இரிக்கி. அந்தப் பக்கம் கஞ்சி மாதிரி இரிக்கி. எறும்பும் ஊருது."

நான் போய்ப் பார்த்தேன். எறும்புகள் ஒரே வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கிணற்றுக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"சீனி பட்டாச் சிமெந்து இறுகாது புள்ள" என்றேன். "அண்டைக்கு நான் ஊத்தின சர்பத்துதான்."

றாஹிலா கஞ்சிப் பக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அப்ப அந்தாள் ஒரு பிழையும் செய்யல்ல" என்றாள். "இண்டைக்கே போய்ச் செல்லுங்க."

"செல்றன்" என்றேன். சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று இப்போது கேட்டால் பத்துக் காரணம் சொல்லலாம். பம்பை என்னிடமிருந்து பறித்துவிடுவார்கள் என்று பயந்தேன். பாத்திஹா ஓதிய சர்பத்தை வைத்து எஞ்சினியர் எங்கள் ஊரையே நக்கல் அடிப்பார் என்று ரோசப்பட்டேன். இன்றைக்கு வேண்டாம், ஜும்ஆவுக்குப் பிறகு, நோன்புக்குப் பிறகு, பெருநாளுக்குப் பிறகு என்று தள்ளினேன். எல்லாவற்றையும் பிழிந்தால் மிஞ்சுவது பயம் ஒன்றுதான். எனக்கு அந்த யந்திரத்தின் மேல் அவ்வளவு ஆசை.

அந்த எட்டு மாதத்தில் மாப்பிள்ளையை நான் எப்படிப் பார்த்தேன் என்று அல்லாஹ்வுக்குத் தெரியும். பிஸ்டன் ரப்பர் தேய்ந்தபோது லொறி டயரை வெட்டி, அராவி, எண்ணெயில் ஊறவைத்துப் போட்டேன். குழாய் அடைத்தால் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவேன். வெறுங்குழாய் மணி போலக் கேட்கும். அடைத்த இடம் தலையணையைத் தட்டியது போலக் கேட்கும். அந்த ஒரு துண்டை மட்டும் கழற்றித் தட்டிக் கொட்டிவிட்டுப் பூட்டுவேன். வேலை ஓடும்போது கனவு வரும். ஆனால் முன்பு வந்த கனவுகள் வரவில்லை. மத்தியானத்தில் மருதமரத்தின் கீழ் கண் அசந்தால், ஆயிரமாயிரம் எறும்புகள் எங்கள் பாலத்தைப் பருக்கை பருக்கையாகத் தூக்கிக்கொண்டு வடக்கே போவதைக் காண்பேன். காரைதீவைத் தாண்டி, எங்கள் ஊரைத் தாண்டி, கல்முனைக் கடைத்தெருவுக்குள்ளால், ஒருவரும் திரும்பிப் பார்க்காமல், பாண்டிருப்பில் ஒரு வீட்டு வாசலில் போய் இறக்கிவைக்கும். விழித்துப் பார்த்தால் பாலம் இருந்த இடத்தில்தான் இருக்கும். எனக்கு அது ஆறுதலாக இருக்காது.

கல்முனைச் சந்தையில் இரண்டு மூன்று முறை அண்ணனைக் கண்டேன். கடைக்காரர் சிலர் அவரை 'ஈரச் சிமெந்து' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அவர் அதைக் கேட்காதது போல நடப்பார். என்னைக் கண்டால் மட்டும் நிற்பார்.

"என்ன தம்பி, மாப்பிள்ளை சுகமா?"

"சுகம் அண்ணன்."

"புது ரப்பர் ரெண்டு நான் எடுத்து வெச்ச. மேல் தட்டில, ஆணிப் பெட்டிக்குப் பின்னால. மாத்தூள் போட்டுச் சுத்திக் கிடக்கு. வெயில் பட விடாத."

போய்ப் பார்த்தேன். சொன்ன இடத்தில் சொன்னபடியே இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு களஞ்சியத்துக்குள் நின்று அழுதேன். பிறகு அதைப் பம்பில் போட்டு ஓட்டினேன். றாஹிலா அன்று பின்னேரமும் வாசலில் நின்று கேட்டாள், "இண்டைக்கும் செல்லல்லயா?"

ஐப்பசி பிறந்தது. மாரி தொடங்கினால் ஆற்றில் வெள்ளம் இறங்கும். அதற்குள் நடுத்தூண் எழும்ப வேண்டும். ஆற்றின் நடுவில் பலகை அடித்து, தண்ணீரை இறைத்து, கம்பி கட்டி, தூணுக்கு ஒரே நாளில் கொங்கிறீட் போட நாள் குறித்தார்கள். இடையில் நிறுத்தினால் பழையதும் புதியதும் ஒட்டாது. தூண் அந்த இடத்தில் எப்போதும் பலவீனமாகவே நிற்கும்.

காலை ஆறு மணிக்குத் தொடங்கினோம். மேற்கே மழைமேகம் நீலமாகக் கட்டி நின்றது, ஆனால் எங்கள் தலைக்கு மேலே வெயில் கொளுத்தியது. மாப்பிள்ளை நன்றாக ஓடியது. குழாய் முழுக்க மெல்ல நடுங்கிக்கொண்டு, நூற்றைம்பது அடி தூரத்தில் ஆற்றின் நடுவில் சாம்பல் நிறமாகக் கொட்டியது. நான் கனவில் இருந்தேன். குழாய்க்குள்ளே நானே படுத்துக்கொண்டு, இருட்டில், குளிர்ச்சியாக, ஆற்றின் அடிக்கு வழுகிப் போய்க்கொண்டிருந்தேன். மேலே மீன்கள் போகிற நிழல்கூடத் தெரிந்தது.

பத்து மணிக்குச் சத்தம் மாறியது.

ஒரு 'டக்'. பிறகு ஒன்றுமில்லை. எஞ்சின் சும்மா சுற்றியது. நான் இறங்கி ஓடி எஞ்சினை நிறுத்தினேன். பிஸ்டனையும் தண்டையும் சேர்க்கிற இரும்பு ஊசி, என் பெருவிரல் தடிப்பு இருக்கும், நடுவால் முறிந்திருந்தது. பிஸ்டன் பாதி வழியில் நின்றுவிட்டது. வால்வும் பாதி மூடியபடி இறுகிவிட்டது.

எஞ்சினியர் ஓடி வந்தார். "என்ன, நிண்டிட்டுதோ?"

"ஊசி முறிஞ்சிட்டு ஐயா. கல்முனையில கடைசல் பட்டறையில புதுசு கடையணும். நாலஞ்சு மணித்தியாலம் போகும்."

அவர் முதலில் தூணைத்தான் நினைத்தார். அதற்கு வழி இருந்தது. கலவை யந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆட்களைப் பலகைப் பாதையில் வரிசையாக நிறுத்தி, கைக்குக் கை தாச்சி மாற்றித் தூணைப் பசி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். அதைத் தொடங்கிவிட்டார்கள். வெளியே இருக்கிற குழாய்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டிக் கொட்டிவிடலாம். அதற்கும் நாலு பேர் போனார்கள். ஆனால் சிலிண்டருக்குள்ளும் வால்வுக்குள்ளும் இருக்கிற கொங்கிறீட்டை எப்படி எடுப்பது? பிஸ்டன் நகராமல் மூடியைத் திறக்க முடியாது. அந்த வெயிலில் இரண்டு மணித்தியாலத்தில் உள்ளே கல்லாகிவிடும். கல்லாகிவிட்டால் மாப்பிள்ளை பழைய இரும்பு. மாரிக்கு முன்னால் பாலமும் எழும்பாது.

"எப்பிடியும் உள்ளுக்கிருக்கிறதை எடும்" என்றார் எஞ்சினியர். அவர் முகத்தில் அன்று முதல்முறையாகக் கோபம் இல்லை. பயம் இருந்தது.

நான் சிலிண்டரின் மேல் கை வைத்தேன். சூடாக இருந்தது. உள்ளே இருப்பது இறுகத் தொடங்குவது என் உள்ளங்கையில் தெரிந்தது போல இருந்தது. அந்த நிமிசத்தில் நான் கனவு ஒன்றும் காணவில்லை. எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. எங்கள் கிணற்றடி தெரிந்தது. கஞ்சியாகக் கிடந்த பக்கம் தெரிந்தது. இதை இறுக விடாமல் நிறுத்தக்கூடிய ஒரே சாமான், அறுபது அடி தூரத்தில், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற அப்துல் ஸமட்டின் தேத்தண்ணிக் கொட்டிலில், சாக்கில் இருக்கிறது. அதைக் கேட்டால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கேட்காவிட்டால் மாப்பிள்ளை சாகும். எட்டு மாதமாக எதைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டிருந்தேனோ, அது வாயை மூடினால் செத்துப்போகும்.

"ஸமட் காக்கா!" என்று கத்தினேன். "இரிக்கிற சீனியெல்லாம் கொண்டு வாங்க! சுடுதண்ணியும் கொண்டு வாங்க!"

"உமக்கென்ன விசரோ?" என்றார் எஞ்சினியர். "சீனி என்னத்துக்கு?"

"சீனி பட்டாக் கொங்கிறீட் இறுகாது ஐயா."

"ஆர் சொன்னது? எப்பிடித் தெரியும் உமக்கு?"

ஸமட் காக்கா சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். தாச்சி மாற்றுகிற வரிசைகூட ஒரு கணம் நின்று எங்களைப் பார்த்தது. 

"முதல் நாள் மாப்பிள்ளைக்குச் சர்பத் ஊத்தின நான்தான் ஐயா. முக்கால் குடம். அதாலதான் அந்த அத்திவாரம் இறுகல்ல. நல்லரெத்தினம் அண்ணன்ட சிமெந்து நல்ல சிமெந்து. அவர் மேல ஒரு பிழையும் இல்ல. எனக்கு எட்டு மாசமாத் தெரியும்."

எஞ்சினியர் என்னையே பார்த்தார்.  நல்லரெத்தினம் அண்ணனை வீட்டுக்கு அனுப்பிய கடிதத்தில் கையெழுத்து வைத்த கை அவருடையதுதான். கடைசியில் ஒன்றுதான் சொன்னார்.

"ஊத்தும்."

முறிந்த ஊசியின் இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு அவரே ஜீப்பில் கல்முனைக்குப் பறந்தார். நான் சீனியைச் சுடுதண்ணீரில் பாகு போலக் கரைத்து, மேல் வாய் வழியாக விட்டு, நீளக் கம்பியால் குத்திக் குத்திக் கலக்கினேன். பக்கத்தில் இருந்த கழுவும் துளையைத் திறந்து அதற்குள்ளும் ஊற்றினேன். ஊற்றுவதும் கலக்குவதும்தான் வேலை. கையில் கொப்புளம் போட்டது. யாரும் என்னோடு பேசவில்லை. ஸமட் காக்கா மட்டும் தண்ணீர் கொண்டு வருவதும் போவதுமாக இருந்தார்.

"செல்லாம இரிந்தது பெரிய பிழை மனே" என்றார் ஒருமுறை.

"ஓம் காக்கா."

"செல்லிட்டாய். கிண்டு, நிப்பாட்டாத."

இரண்டு மணித்தியாலம் போனது. மூன்றும் போனது. வெளியே சிந்திக் கிடந்த கொங்கிறீட் வெளுத்து வெடித்துக் கல்லாகிவிட்டது. உள்ளே விட்ட கம்பி இன்னும் இறங்கியது. சேற்றுக்குள் இறங்குவது போல வழுக்கிக்கொண்டு இறங்கியது. பம்பின் காலடியில், எங்கிருந்தோ, எறும்புகள் வரிசை பிடிக்கத் தொடங்கியிருந்தன. இந்த முறை அவை எங்கே போகின்றன என்று நான் யோசிக்கவில்லை.

பின்னேரம், அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் புது ஊசி வந்தது. எண்ணெய் மணம் மாறாத பளபளப்பு. போட்டு, பூட்டி, கையால் சக்கரத்தைச் சுற்றினேன். பிஸ்டன் ஒரு முறை முனகி, பிறகு நகர்ந்தது. வால்வு திறந்தது. கஞ்சி போல, இனிப்பு மணத்தோடு, உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்து கரையில் விழுந்தது. மூன்று தடவை கழுவினேன். நக்கிப் பார்த்து இனிப்பு இல்லை என்று தெரிந்தபின்தான் குழாயைப் பூட்டினேன். மாப்பிள்ளை மறுபடி அடிக்கத் தொடங்கியபோது, வரிசையில் நின்றவர்கள் தாச்சியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தார்கள். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லுமுன் தூண் நிறைந்துவிட்டது. முதல் மழை மூன்றாம் நாள்தான் வந்தது.

அடுத்த நாள் காலையில் எஞ்சினியர் என்னைக் கூப்பிட்டு இரண்டு கடிதம் தந்தார். ஒன்று எனக்கு. இனிமேல் நான் பம்பைத் தொடக்கூடாது, கல் உடைக்கிற பகுதிக்குப் போக வேண்டும். வேறொருவர் வருவார்.

"வேலையை விட்டு நிப்பாட்டியிருக்க வேணும்" என்றார். "பம்பைக் காப்பாத்தின படியால்தான் இது."

"செரி ஐயா" என்றேன். ஸ்பானரை அவர் மேசையில் வைத்தேன். இது எனக்கு வர வேண்டியதுதான்.

"மற்றது நல்லரெத்தினத்துக்கு, திரும்ப வேலைக்கு வரச் சொல்லி. தபாலிலை போடவோ?"

"நான் கொண்டு போறன் ஐயா."

சைக்கிளில் போனேன். காரைதீவு தாண்டி, எங்கள் ஊரைத் தாண்டி, கல்முனைக் கடைத்தெருவுக்குள்ளால் போனேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எறும்புகள் பாலத்தைத் தூக்கிப்போன அதே வழி. என் சட்டைப்பையில் இரண்டு கடிதமும் இருந்தன.

அண்ணன் தன் வீட்டு வளவுக்குள் குந்தியிருந்து தென்னோலைக் கிடுகு பின்னிக்கொண்டிருந்தார். காதில் பென்சில் இல்லை. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"என்ன தம்பி, மாப்பிள்ளை சுகமா?"

நான் சைக்கிளைக்கூடச் சாத்தி வைக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சர்பத், அத்திவாரம், கிணற்றடி, எட்டு மாதம், நேற்று முறிந்த ஊசி. சொல்லி முடித்துக் கடிதத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"அப்ப அந்தப் படங்கு?" என்றார்.

"எந்தப் படங்கு அண்ணன்?"

"லொறி வந்த அண்டு மழை பெஞ்சதே. நான் படங்க இழுத்து மூடிக் கட்டின எண்டுதான் எனக்கு ஞாபகம். பிறகு எல்லாரும் சொல்லச் சொல்ல, கட்டல்லயோ எண்டு வந்திற்று. எட்டு மாசமா அந்தப் படங்கத்தான் தம்பி நான் இழுத்துக்கொண்டிரிக்கன். ஒரு நாள் கட்டின மாதிரி இரிக்கும். ஒரு நாள் ஒரு மூலை விட்டுப்போன மாதிரி இரிக்கும். எந்த மூலை எண்டு தேடித் தேடி..." 

நான் அவர் முன்னால் மண்ணில் உட்கார்ந்தேன். வேலையைப் பறித்தேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவருடைய ஞாபகத்தையும் பறித்துவிட்டேன் என்று எனக்குத் தெரியாது.

"நாலு மூலையும் கட்டித்தான் இரிந்த அண்ணன். நீங்க தந்த சிமெந்து எங்கட கிணத்தடியில இரிக்கி. சர்பத் படாத பாதி ஒரே ராவுல கல்லாயிட்டு. நனைஞ்ச சிமெந்து அப்பிடி இறுகுமா? றாஹிலா இண்டைக்கும் அதுலதான் சீலை அடிச்சித் துவைக்கிறா."

"அதுலயா?"

"ஓம், அதுலதான். ஒரு கீறல் இல்ல."

அவர் வீட்டுப் பக்கம் திரும்பி, "இஞ்ச வா புள்ள, கெதியா வா" என்று கூப்பிட்டார். அவருடைய மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவுநிலையைப் பிடித்தபடி நின்றார். உள்ளே இருந்தே கொஞ்சம் கேட்டிருப்பார் போல. அவருடைய பார்வையில் இரக்கம் இல்லை.

"எட்டு மாசம் ஏன் தம்பி சொல்லல்ல?"

"பயம் அக்கா" என்றேன். 

அண்ணன் எங்கள் இரண்டு பேர் பேச்சையும் காதில் வாங்கவில்லை. அவருடைய கை இரண்டும் மடியின் மேல், ஏதோ ஒரு சீலையின் விளிம்பைப் பிடித்து இழுப்பது போலவும், முடிச்சுப் போடுவது போலவும் அசைந்தன. ஒரு மூலை, பிறகு அடுத்த மூலை.

"அத விடு" என்றார். "அந்தக் கிணத்தடிக் கதைய இவவுக்கு முதல்ல இருந்து சொல்லு."

நான் முதலிலிருந்து சொன்னேன்.